முன்கண்ணாடி மாற்றுமுன் கணக்குப் பாருங்கள்

சத்தி ரோட்டில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போகும் அங்கத்தினர்கள் அறிவார்கள், ஒரு சிறு கல் போதும், கண்ணாடியில் நட்சத்திரம் விழுந்துவிடும். அவசரப்பட வேண்டாம். டிரைவரின் பார்வைக்கு நேராக இல்லாத, ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறிய தெறிப்பை, அழுக்கு இறங்குமுன் பிசின் ஏற்றி அடைத்துவிடலாம். ஓரம்வரை ஓடிய விரிசலுக்கு மாற்றுவதே வழி.

முழு இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. ஆனால் கிளெய்ம் வாங்கினால் போனஸ் போகும். ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாதவருக்கு அது சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம். சரக்கு வேன் கண்ணாடிக்காக அதை விடுவது பெரும்பாலும் நஷ்டம்தான். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கணக்கு வேறு. சாய்வான பெரிய கண்ணாடி, இறக்குமதிச் சரக்கு, கேமரா இருந்தால் அதை மீண்டும் சீரமைக்கும் செலவு வேறு. (கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓடும் ஒற்றை இருக்கை ஃபார்முலா கார்களுக்கு இந்தக் கவலை இல்லை; அவற்றுக்கு முன்கண்ணாடியே கிடையாது!)

மலிவு என்று எதையும் பொருத்தாதீர்கள். நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்த லாமினேட்டட் கண்ணாடிதானா, ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பாருங்கள். 1989 மோட்டார் வாகன விதிகளின்படி முன்கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தையாவது உள்ளே விட வேண்டும். பசை காயுமுன், சந்தைக்கு நேரமாயிற்று என்று வண்டியை எடுத்தால், மோதலில் கண்ணாடி கழன்றுவிடும். கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு.

பழைய கண்ணாடியிலிருந்து பெயர்த்த ஃபாஸ்டேக் மறுபடி பயன்படாது. டோல்கேட்டில் கூடுதல் கட்டணம் கட்டாமலிருக்க, மாற்று டேக்குக்கு வங்கியில் முன்பே சொல்லிவையுங்கள்.