குறிப்பெடுக்கும் காவலர் எதைக் குறிக்க வேண்டும்?

ஏப்ரல் 14 நெருங்கினால் தாம்பரத்தைச் சுற்றியுள்ள காலனிகளுக்கும், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி குடியிருப்புகளுக்கும் சீருடை அணியாத காவலர் ஒருவர் வந்துபோவது வழக்கம். அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுவது யார், எத்தனை பேர் கூடுவார்கள், ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும் என்று விசாரித்துக் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்பு எங்கே போகிறது?

தாம்பரம் 2022 ஜனவரி 1 முதல் தனிக் காவல் ஆணையரகம். காவல் நிலைய அளவில் திரட்டப்படும் தகவல் அதன் நுண்ணறிவுப் பிரிவுக்குப் போகிறது. ஆணையரகம் இல்லாத மாவட்டங்களில் இந்த வேலையைத் தனிப்பிரிவு செய்கிறது. முக்கியமானவை மாநில உளவுத்துறைத் தலைமைக்குச் செல்கின்றன. நக்சல்பாரி இயக்கத்தைக் கண்காணிக்கத் தொடங்கப்பட்ட கியூ பிரிவும் மாநில உளவு அமைப்பைச் சேர்ந்ததே.

இவற்றுக்கு அப்பால், மத்திய உள்துறையின் கீழ் இயங்குவது ஐ.பி. எனப்படும் உளவுப் பணியகம். 1887-இல் ஆங்கிலேயர் தொடங்கிய அமைப்பிலிருந்து வளர்ந்தது. அதற்கென்று தனிச் சட்டம் இன்றும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு அதற்கு விலக்கு தருகிறது. ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் தொடர்பான தகவல்களுக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது.

இத்தனை கண்கள் இருந்தும், 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகள் எரிந்தன. சாதி மறுப்புத் திருமணம் ஒன்றையொட்டி வாரக்கணக்கில் பதற்றம் நிலவியது ஊருக்கே தெரியும். 2024 ஜூலை 5 அன்று பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் பெரம்பூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்றாம் நாளே சென்னை காவல் ஆணையர் மாற்றப்பட்டார். ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி ஒன்றுதான்: முன்கூட்டியே தெரியாதா?

தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறது சட்டம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995-இன் 3-ஆவது விதிப்படி, வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு முன்னதாகவே அடையாளம் காண வேண்டும். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்கே நேரில் சென்று ஆராய வேண்டும். 8-ஆவது விதி, இதற்காகவே மாநிலத் தலைமையிடத்தில் பாதுகாப்புப் பிரிவு ஒன்றை அமைக்கச் சொல்கிறது. சட்டம் விதித்த கடமையை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்கு 4-ஆவது பிரிவின்படி 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு.

ஆகவே மிரட்டலோ, பாதை மறிப்போ, சுவரில் சாதி வசவோ தென்பட்டால் வாய்வார்த்தையோடு நின்றுவிடக் கூடாது. தேதி, இடத்தோடு மனு எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நகலைத் தாம்பரம் கோட்டாட்சியருக்கும், ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்கும் அனுப்புங்கள். அந்தக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

அடுத்த முறை குறிப்பேட்டோடு வரும் காவலரிடம் ஊர்வலப் பாதையைச் சொல்லுங்கள். கூடவே, அந்தப் பாதையில் நம்மை மறிப்பேன் என்பவர் யார் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.