எதற்கு மார்க் போடுகிறோம்?

டீ ஆறுவதற்குள் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்க வளையத்தில் புரோட்டான்களை மோதவிடுகிறார்கள். ஏறத்தாழ நூறு கோடி மோதலுக்கு ஒரு ஹிக்ஸ் துகள் பிறக்கும், பிறந்த கணமே சிதைந்தும் போகும். சிதறல்களைப் பார்த்து அது ஹிக்ஸா, ஹிக்ஸ் வேடமிட்ட வேறொன்றா என்று பிரிக்க உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் கணினி நிரலான நியூரல் நெட்வொர்க் உதவுகிறது.

அதற்குப் பாடம் சொல்லித்தருவது இழப்புச் சார்பு. தப்புக்கு எவ்வளவு மார்க் குறைப்பது என்ற விதி, அவ்வளவுதான். நெட்வொர்க்குக்கு வேறு லட்சியம் கிடையாது.

நிறையச் சரியாகச் சொன்னால் நல்ல நெட்வொர்க் என்றுதானே நினைப்போம்? 10,000 வேடதாரிகளுக்கு நடுவே 100 ஹிக்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் ‘இல்லை’ என்று தள்ளும் சோம்பேறிக்கு 100 தப்பு. இன்னொன்று 50 ஹிக்ஸைத் தவறவிட்டு, 100 வேடதாரிகளை உள்ளே விடுகிறது. அதற்கு 150 தப்பு. மார்க் சோம்பேறிக்குத்தான் அதிகம். ஆனால் அது நம் கையில் ஒன்றுமே தரவில்லையே!

அந்த இன்னொன்று தருவது என்ன? வேடதாரிகளின் எண்ணிக்கையான 10,000 தானாகவே சுமார் 100 கூடும், குறையும். அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஓர் ஆட்டம் எப்போதும் உண்டு. ஆகவே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் 100 ஹிக்ஸும் அந்த ஆட்டத்திலேயே மறைந்துவிடும். இரண்டாவது நெட்வொர்க் உள்ளே விட்ட 100 வேடதாரிகளின் ஆட்டமோ வெறும் 10தான். அதன்மேல் 50 ஹிக்ஸ் ஐந்து மடங்கு உயர்ந்து நிற்கும். ஐந்து என்பது இத்துறையில் ‘கண்டுபிடித்தோம்’ என்று சொல்லத் துணியும் எல்லை. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸை அறிவித்தபோதும் அந்த அளவுகோல்தான். 2014இல் செர்னின் அட்லஸ் ஆய்வுக் குழு தந்த தரவை வைத்து, காகிள் என்ற தரவுப் போட்டித் தளத்தில் நடந்த போட்டியிலும் இந்த வகை அளவுக்கே மதிப்பெண்.

அப்படியானால் ஹிக்ஸ் எண்ணிக்கையை ஆட்டத்தால் வகுத்து வரும் இந்த விகிதத்தையே இழப்புச் சார்பாக்கிவிடலாமே? இரண்டு முட்டுக்கட்டைகள். வழக்கமாக விடைத்தாளை ஒவ்வொன்றாகத் திருத்தலாம். இங்கே வகுப்பு முழுவதற்கும் சேர்த்து ஒரே மார்க். அதனால் ஒரே தடவையில் பெரிய கொத்தாக மோதல்களைக் கொடுக்க வேண்டும். அடுத்தது, ‘உள்ளே, வெளியே’ என்று வெட்டினால் எந்தப் பக்கம் திருத்திக்கொள்வது என்று நெட்வொர்க்குக்குத் தெரியாது. அதனால் வெட்டாமல், பதில் 0.7 என்று வந்தால், அதை 0.7 மோதலாகவே கூட்டிக்கொள்கிறார்கள்.

நெட்வொர்க்கின் குறும்பு ஒன்றும் உண்டு. ஹிக்ஸின் நிறை சுமார் 125 GeV என்று மோப்பம் பிடித்து, அந்த நிறையுள்ள வேடதாரிகளையே பொறுக்கி, இல்லாத இடத்திலும் ஒரு மேட்டைக் கட்டிவிடும். ஆகவே விதியில் இன்னொரு வரி சேர்க்கிறார்கள்: பதில் நிறையோடு ஒட்டி நடந்தால் அபராதம்.