பனையின் பிள்ளைகளைத் தின்கிறோம்

பனையிடமிருந்து நாம் உண்பதில் பெரும்பங்கு அதன் வாரிசுகள்தான். பாளையைச் சீவிப் பதநீர் இறக்கினால் அந்தப் பாளை காய்க்காது. நுங்கு, முற்றாத விதை. பனங்கிழங்கோ மண்ணை விட்டு மேலே வரவிருந்த கன்று. இத்தனையும் பறிகொடுத்துவிட்டு இந்த மரம் எப்படித்தான் பெருகுகிறது?

பனையில் ஆண் வேறு, பெண் வேறு. ஆணை அலகுப்பனை என்றும் பெண்ணைப் பருவப்பனை என்றும் சொல்வார்கள். பாளை விடும்வரை எது எதுவென்று தெரியாது. அதற்கு 12, 15 ஆண்டுகள்கூட ஆகும். காற்றும் பூச்சிகளும் மகரந்தத்தைச் சேர்க்க, பெண் பனை குலை தள்ளும். ஒரு பழத்தில் 3 கொட்டைகள் வரை இருக்கும். ஆவணி, புரட்டாசியில் பழுத்துத் தானே விழும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் வேடிக்கை. கொட்டையிலிருந்து குழாய் போன்ற தண்டு ஒன்று கிளம்பி மண்ணுக்குள் நேராக இறங்குகிறது. கரு இருப்பது அதன் நுனியில். இளகிய மண்ணென்றால் ஒரு மீட்டர் ஆழம்வரைகூடப் போய்விடும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் வேர் பிடித்து, முதல் இலையை மேலே அனுப்புகிறது. அந்த இளந்தளிரில் திரளும் மாவுச்சத்தே நாம் அவித்துத் தின்னும் கிழங்கு. மேலே கிடக்கும் கொட்டையும் சும்மா இல்லை. உள்ளே தவண் எனும் சதை பஞ்சுபோல் வளர்ந்து, பருப்பிலுள்ள உணவை உறிஞ்சிக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும். வெயில், தீ, ஆட்டின் வாய் எதுவும் எட்டாத இடத்தில் குருத்து பத்திரமாக இருக்கும்.

ஆனால், பனைக்கு விதையை விட்டால் வேறு வழியில்லை. வாழைபோல் பக்கக்கன்று விடாது. பதியன், ஒட்டு எதுவும் எடுபடாது. கொட்டையும் கனம், காற்றில் பறக்காது. யானை உலவும் காடுகளில் அது பழத்தைத் தின்று கொட்டையைத் தொலைவில் போடும். நம் செம்மணல் தேரிக்காட்டில் அந்த வேலையையும் மனிதன்தான் செய்யவேண்டும்.

2021இல் தமிழக அரசின் முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதாக அறிவித்தார்கள். நல்ல காரியம். பையில் வளர்த்த கன்றைப் பிடுங்கி நடுவதைவிட, கொட்டையை நேரடியாக ஊன்றுவதே இந்த மரத்தின் சுபாவத்துக்குப் பொருந்தும். அதற்கு முதலில் கொட்டை வேண்டுமே! ஒவ்வோர் ஊரிலும் சில பருவப்பனைகளையாவது சீவாமல், நுங்கு வெட்டாமல் பழுக்க விடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கொட்டைகளைக் குளக்கரையில் ஊன்றுங்கள். பொங்கலுக்குள் யாரும் கிழங்குக்காக அவற்றைத் தோண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.