பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

மார்கழி, தை மாதங்களில் இராயக்கோட்டைப் பக்கம் பனி விலகுவதற்கு முன்பே வேலைக்குப் புறப்படும் தாய்மார்கள் பலர். ஒருவர் தக்காளித் தோட்டத்திற்குச் செல்ல வேண்டும். மற்றொருவர் ஓசூர்த் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அவ்வேளையில் பிள்ளையின் உடல் சுடுகிறது. வீட்டில் நிறுத்தினால் தாயின் அன்றைய கூலி போகும். பள்ளிக்கு அனுப்பினாலோ வயிறாவது நிறையும். 1956-இல் காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவுடன், 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்துள்ளதன்றோ? இந்நிலையில் தாய் தயங்குவதைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

எனினும், காய்ச்சல் மருந்தைப் புகட்டி அனுப்பிவிடும் வழக்கத்தை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. பாராசிட்டமால் மருந்தின் வலு நான்கு முதல் ஆறு மணி நேரமே நிற்கும். காலை எட்டு மணிக்குக் கொடுத்தால், பிள்ளை மதிய உணவுக்கு அமரும்போது காய்ச்சல் திரும்பிவிடும். அதற்குள் அருகில் அமர்ந்த பிள்ளைகளுக்கும் நோய் தொற்றியிருக்கும். மருந்து கொடாமலே ஒரு முழுநாள் காய்ச்சலின்றி இருந்த பின்னரே பிள்ளையை அனுப்புதல் வேண்டும். டெங்குவாயின், காய்ச்சல் தணியும் நாளிலேதான் ஆபத்து மிகுதி. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக் கசிவு, அளவு கடந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவது நம் மக்களின் பழைய வழக்கம். அயலார் உள்ளே வராமல் தடுக்க அதனினும் நல்ல அறிவிப்புப் பலகை உண்டோ? ஆயினும் மருத்துவரிடம் காட்டாமலிருக்க அது காரணமாகக் கூடாது. சின்னம்மையில் கொப்புளங்கள் யாவும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரையிலும், தட்டம்மையில் தடிப்புத் தோன்றியபின் நான்கு நாட்களும் பிள்ளை வீட்டிலேயே இருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் இரண்டு நாள் பொறுத்தல் நன்று.

காய்ச்சலில்லாத சிறு மூக்கொழுகலுக்கும், தலையில் பேன் இருப்பதற்கும் பள்ளியை நிறுத்த வேண்டுவதில்லை. பிள்ளை உண்கிறதா, விளையாடுகிறதா என்று பார்த்தாலே போதும்.

இனிக் கூலிக்கு வருவோம். ஒரே தெருவில் மூன்று நான்கு வீட்டார் முறை வைத்துக்கொண்டு, நோயுற்ற பிள்ளையை நாளுக்கு ஒருவராகப் பார்த்துக்கொள்ளலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதை மேற்கொள்வது எளிது. பகலில் ஊரிலிருக்கும் ஒருவரின் தொலைபேசி எண்ணை ஆசிரியரிடம் கொடுத்து வைத்தால், இடைவேளையில் பிள்ளை சோர்ந்தாலும் அழைத்துவர ஆள் இருக்கும். சின்னம்மை கண்ட பிள்ளைக்கு மட்டும், முன்பே அந்நோய் வந்து தேறியவரையே துணை வைக்க வேண்டும். அது வந்திராத கருவுற்ற பெண்கள் அவ்வீட்டிற்குச் செல்லலாகாது.