"இது என்ன மரம், டீச்சர்?"

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி எங்கள் பள்ளி வாசல் மரத்தைக் காட்டி இப்படிக் கேட்டாள். பதினோரு ஆண்டுகளாக அந்த மரத்தடியில்தான் வண்டியை நிறுத்துகிறேன். அறிவியல் ஆசிரியர் வேறு. பெயர் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று நழுவினேன்.

இது என் ஒருத்தியின் குறை மட்டுமல்ல. காட்டில் யானை நிற்கும் படத்தைக் காட்டி 'என்ன தெரிகிறது?' என்றால், பெரும்பாலோர் 'யானை' என்போம். மரங்கள் வெறும் பின்னணியாகிவிடும். இந்த இயல்பைத் 'தாவரப் பார்வையின்மை' என்ற பொருள்படும் சொல்லால் குறித்து, வாண்டர்சீ, ஷுஸ்லர் என்ற அமெரிக்கக் கல்வியாளர்கள் 1999இல் கட்டுரை எழுதினர். நாம் பார்க்காததை மாணவர்களுக்கு எப்படிக் காட்டுவோம்?

பூங்காவில் ஒரு பாடம்

கோடை விடுமுறையில் தோழியுடன் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குச் சென்றேன். 1874இல் தொடங்கப்பட்ட இப்பூங்கா, ஏறத்தாழ 12 ஹெக்டேர் பரப்பில் பள்ளத்தாக்குச் சரிவில் அமைந்துள்ளது. தோழி தமிழாசிரியர். நான் இலையைப் பார்த்தால் அவள் பெயர்ப்பலகையைப் பார்ப்பாள். அவள் கேட்ட கேள்விகளால் ஒரு மணி நேரத்தில் பத்து மரங்களைக்கூடத் தாண்டவில்லை.

முதலில் மரப்பெரணி. "பனை மாதிரி இருக்கே, இது பூக்குமா?" என்றாள். பெரணிகள் பூப்பதில்லை, விதையும் இல்லை. இலையின் அடிப்பக்கத்திலுள்ள ஸ்போர்களால் பெருகுகின்றன.

அடுத்து அரக்கேரியாவும் பைனும். இவற்றுக்கு விதை உண்டு, கனி இல்லை. கூம்பின் செதில்களில் விதைகள் திறந்தபடி இருப்பதால் இவை திறந்தவிதைத் தாவரங்கள்.

பிறகு ருத்ராட்சம். நாம் கோக்கும் மணி, இம்மரத்துப் பழத்தின் கொட்டை. விதை கனிக்குள் மூடியிருப்பதால் இது மூடுவிதைத் தாவரம். பழுத்த பழம் பளிச்சென நீலமாக இருக்கும். ஆனால் அதன் தோலில் நீல நிறமி கிடையாது. தோலின் நுண்ணிய அடுக்கமைப்பு நீல ஒளியை எதிரொளிக்கிறது. மயில் தோகையின் நீலமும் நுண்ணமைப்பால் வருவதே.

ஸ்போர், கூம்பு, கனி. தாவர உலக வகைப்பாட்டைக் கரும்பலகையில் அட்டவணையாகப் பலமுறை எழுதியிருக்கிறேன். அதே பாடம் அன்று ஒரு நடைபாதையில் வரிசையாக நின்றது.

நம் பள்ளியில் செய்ய

இதற்குக் குன்னூர் போக வேண்டியதில்லை. வளாகத்தில் நான்கு மரங்கள் போதும். மாணவர்களை இருவர் இருவராகப் பிரியுங்கள். துணை இருந்தால் கேள்வி பிறக்கும்.

1. தொடுதல்: ஒருவர் கண்ணைக் கட்டி, மற்றவர் ஒரு மரத்திடம் அழைத்துச் செல்லட்டும். பட்டையைத் தடவிப் பார்த்துத் திரும்பியபின், கட்டை அவிழ்த்து அதே மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

2. சுற்றளவு: தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நூலைச் சுற்றி, அந்த நூலை அளவுகோலால் அளக்கட்டும். வனத்துறையினர் அளப்பதும் இந்த உயரத்தில்தான்.

3. உயரம்: 1 மீட்டர் குச்சியின் நிழல் 50 செ.மீ. இருக்கும் நேரத்தில் மரத்தின் நிழல் 6 மீட்டர் என்றால், மரத்தின் உயரம் 12 மீட்டர். உயர்நிலை வகுப்புகளில் வடிவொத்த முக்கோணங்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

4. பதிவேடு: ஒவ்வொரு இணையும் ஒரு மரத்தைத் தேர்ந்து, மாதம் ஒருமுறை தளிர், பூ, காய், இலையுதிர்வு, வந்த பறவைகள் ஆகியவற்றைக் குறிக்கட்டும்.

இலையைப் பறிக்க வேண்டாம், உதிர்ந்ததை எடுத்தால் போதும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பள்ளி திறந்ததும் அந்த மாணவியிடம், "எனக்கும் தெரியாதும்மா, சேர்ந்து கண்டுபிடிப்போமா?" என்றேன். அவளும் அவள் தோழியும் மஞ்சள் பூவையும் செம்பு நிறத் தட்டைக் காயையும் வரைந்துகொண்டு ஊரில் விசாரித்தனர். பாட்டி சொன்னதாகப் 'பெருங்கொன்றை' என்று எழுதி வந்தாள். நூலகப் புத்தகத்தில் 'இயல்வாகை' என்று இருந்தது. இரண்டும் அதே மரத்தின் பெயர்கள்தாம். இரண்டையும் ஓர் அட்டையில் எழுதி மரத்தில் கட்டினோம், ஆணி அடிக்காமல்.

இப்போது அடுத்த மரத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். இந்த முறை நான் நழுவவில்லை.