பூட்டு வலியது, நாதாங்கி?

கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படும்போது, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவீர்கள். அடுத்த முறை பூட்டோடு நிற்காமல், அது தொங்கும் நாதாங்கியையும் சற்று உற்றுப் பாருங்கள்.

இதை ஆராய்வதற்குச் செட்டிநாடு நல்ல இடம். வலையபட்டி, காரைக்குடி போன்ற ஊர்களில் நகரத்தார் கட்டிய பெரிய வீடுகள் பல, ஆண்டின் பெரும் பகுதி பூட்டியே கிடக்கின்றன. கல்யாணம், படைப்பு என்றால்தான் திறக்கின்றன. பர்மாவிலும் மலேயாவிலும் வணிகம் செய்தவர்கள் கட்டிய வீடுகள் அல்லவா? நெடுநாள் ஆளில்லாமல் கிடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே தேக்குக் கதவு, சன்னல்களில் இரும்புக் கம்பி, வானம் பார்த்த வளவின் மேலும் கம்பி என்று காவல் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு தெருவில் தொடங்கும் வீடு, பின்கட்டுகளைத் தாண்டி அடுத்த தெருவில் முடியும். அந்தப் பின்வாசலில் பழைய நாதாங்கியும் ஒரு சிறு பூட்டும் மட்டும் தொங்கினால், முன்கதவின் வலிமையால் என்ன பயன்? திருடன் முகப்பின் அழகைப் பார்க்க வருபவன் அல்லன்.

பூட்டைக் குறைசொல்ல வேண்டியதில்லை. கண்டாங்கிச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2019-ஆம் ஆண்டிலேயே திண்டுக்கல் பூட்டுக்கும் அது கிடைத்தது. நெம்புத் தகடுகள் கொண்ட ஒரு நல்ல பூட்டினுள், ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு இருக்கும். சாவியின் பற்கள் தகடுகளை உயர்த்தும்போது, எல்லா வெட்டுகளும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் பூட்டுநாக்கு நகரும். ஒரு தகடு சற்றே குறைவாக உயர்ந்தாலும், சற்றே கூடுதலாக உயர்ந்தாலும் நகராது. இந்த ஏற்பாட்டை இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் 1778-இல் செய்தார். ஒரு தகட்டுக்கு 5 உயரங்கள் என்று கொண்டால், 6 தகடுகளுக்கு 15,625 வகைச் சாவிகள் செய்யலாம்.

1851-இல் லண்டனில் பெரும் பொருட்காட்சி நடந்தபோது, ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், திறக்கவே முடியாது என்று பெயர் பெற்றிருந்த பிராமா பூட்டைச் சாவியில்லாமல் திறந்து காட்டினார். அதற்கு அவருக்கு 16 நாட்களில் 50 மணி நேரத்துக்கு மேல் தேவைப்பட்டது. நம் பின்வாசலுக்கு வருகிறவனுக்கு அத்தனை பொறுமை ஏது? அவன் கொண்டுவருவது கடப்பாறை.

கடப்பாறை ஒரு நெம்புகோல் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரு மீட்டர் நீளக் கடப்பாறையின் முனையிலிருந்து 4 செ.மீ. தொலைவில் தாங்குபுள்ளி அமைந்தால், மறுபுறம் 96 செ.மீ. இருக்கும். விசை 24 மடங்காகிறது. கைப்பிடியில் 20 கிலோ எடையளவு அழுத்தினால், நாதாங்கியின் மேல் 480 கிலோ! பூட்டு இதைத் தாங்கலாம். நாதாங்கியை மரத்தில் பிடித்திருக்கும் அரை அங்குலத் திருகாணிகள் தாங்கா. பூட்டு பூட்டியபடியே இருக்க, நாதாங்கி கையோடு வந்துவிடும்.

இதற்கு மாற்று எளியது. திருகாணிகளைக் கழற்றிவிட்டு, கதவின் கனம் முழுவதும் ஊடுருவும் போல்ட்டுகளைப் போடுங்கள். உருண்டைத் தலை வெளியே இருக்க, உட்புறம் அகலமான வாஷரும் நட்டும் வைத்து முறுக்க வேண்டும். இப்போது பிடிப்பு, மரத்தில் பதிந்த சில புரிகளை மட்டும் நம்பியிருக்கவில்லை. வாஷர் அழுத்தும் பரப்பு முழுவதும் கதவே எதிர்த்து நிற்கிறது. நிலையில் உள்ள வளையத்துக்கும் இதையே செய்யுங்கள். பூட்டின் வளைவுக்குள் கம்பி நுழைய இடமில்லாதபடி பூட்டு பொருந்தியிருக்கட்டும். செலவு, புதிய பூட்டின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். கதவு உளுத்திருந்தால் மட்டும் போல்ட்டால் பயனில்லை. முதலில் தச்சரைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் ஆளில்லை என்பதைத் தெருவுக்கு அறிவிப்பதும் நாமேதான். கோலமில்லாத வாசல், குவிந்த செய்தித்தாள், வெளியே தொங்கும் பெரிய பூட்டு ஆகியவை போதும். வாசல் தெளிக்கும் அம்மாளிடம் நாள்தோறும் கோலம் போடச் சொல்லுங்கள். கம்பிக் கதவானால் பூட்டை உட்புறம் தொங்கவிடுங்கள்.

மாணவர்கள் ஓர் எச்சரிக்கை மணியும் செய்யலாம். துணி கிளிப்பின் இரு வாய்களிலும் மேல்பூச்சு நீக்கிய செம்புக்கம்பியைச் சுற்றி, அவை ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள். கம்பிகளின் வழியாக 9 வோல்ட் மின்கலத்தையும் ஒரு பஸ்ஸரையும் இணையுங்கள். கிளிப்பை நிலையில் பொருத்தி, பிளாஸ்டிக் துண்டை நூலால் கதவோடு கட்டுங்கள். கதவு உள்நோக்கித் திறந்தால் துண்டு உருவப்படும்; கம்பிகள் தொடும்; மணி ஒலிக்கும். கதவை மீண்டும் சாத்தினாலும் ஓயாது. காத்திருக்கும்போது மின்சாரம் ஓடாததால் மின்கலம் பல மாதம் வரும். வீட்டு மின்சாரத்தை இதில் இணைக்கவே கூடாது. வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். பந்தெடுக்க வரும் பிள்ளையையும் அது கொல்லும்.

ஆளில்லாத வீட்டுக்குள் மணி அடித்து யார் கேட்பது? ஆகவே கம்பியை நீட்டி, பஸ்ஸரை அடுத்த வீட்டில் வையுங்கள். புறப்படுமுன் ஒரு முறை அடித்துக் காட்டிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால், யார் வீட்டுக் குக்கர் இது என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.