தாய்மொழிவழித் தொடக்கமும் சிவாஜிநகர் வகுப்பறையும்

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை பயிற்றுமொழி எதுவாக இருக்கவேண்டும் எனக் கூறுமிடத்து, வீட்டுமொழி, தாய்மொழி, உள்ளூர்மொழி, வட்டாரமொழி என நான்கு பெயர்களைச் சாய்கோடிட்டு அடுக்குகிறது. இதனைத் தமிழாக்குவோர்க்குச் சொற்கள் கிடைப்பதில் இடர்ப்பாடில்லை; அந்நான்கும் ஒரே மொழியைச் சுட்டுகின்றனவா என்பதே வினா. பெங்களூர் சிவாஜிநகரில் அவ்வாறு சுட்டுவதில்லை. 1809இல் இராணுவத் தண்டு அமைந்தபின் குடியேறிய தமிழர் வழிவந்த குழந்தைக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தக்கினி உருது, மாநில மொழியாகக் கன்னடம். பெற்றோர் பலர் நாடுவதோ ஆங்கிலவழிப் பள்ளியை. தொடக்கப்பள்ளியில் தாய்மொழியையே பயிற்றுமொழியாகக் கொள்ளுமாறு மொழிச் சிறுபான்மையினரை அரசு கட்டாயப்படுத்த இயலாதென, கர்நாடக வழக்கொன்றில் 2014 மே 6 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே ஆய்வு முடிவுகளை ஆணைவழி அன்றி வகுப்பறைவழியே செயற்படுத்த வேண்டியுள்ளது.

ஒரு மொழியில் பெற்ற கல்விசார் திறன் மற்றொரு மொழியைக் கற்கத் துணையாகும் என ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்தார். வேல்சு நாட்டில் சென் வில்லியம்ஸ் 1994இல் விளக்கிய ஊடுமொழிப் பயிற்றுமுறை, ஒரு மொழியில் படித்ததை மற்றொன்றில் எழுதச் செய்வது. இது திட்டமிட்ட செயல். கன்னடப் பாடம் புரியாத மாணவனுக்கு ஆசிரியர் தமிழ்ச்சொல் ஒன்றைக் கூறிக் கடந்து செல்வது இதுவாகாது. இவ்வேறுபாடு நம்மிடையே போதிய அளவு உணரப்படவில்லை எனலாம்.

கன்னடப் பாடவேளையில் ஒப்பீட்டிற்கு இடம் மிகுதி. பால், புலி, பல், பத்து ஆகியவை கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு, ஹத்து என வழங்குகின்றன. ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டு முதல் கன்னடத்தில் மொழிமுதல் பகரம் ஹகரமாகத் திரிந்ததன் விளைவு இது. இவ்விதியைக் கூறாமல், சொல் இணைகளைப் பலகையில் எழுதிக் குழந்தைகளையே கண்டறியச் செய்தல் நன்று. அடுத்து, 'ஹத்து' என்னும் மொழி இருபதை ஏன் 'இப்பத்து' என்கிறது எனக் கேட்கலாம். இடையே இரட்டித்து வரும் பகரம் திரியவில்லை என்பதை அவர்களே காண்பர். விதியின் எல்லையும் புலப்படவேண்டும். தமிழில் கல்விக்கூடத்தைக் குறிக்கும் 'பள்ளி' கன்னடத்தில் 'ஹள்ளி' ஆகும். அங்கு அது சிற்றூர். சிவாஜிநகரின் பழம்பெயரான பிளாக்பள்ளியிலேயே இச்சொல் ஒலிப்பதால் எடுத்துக்காட்டுக்கு ஆசிரியர் தொலைவில் தேடவேண்டியதில்லை. வடிவம் ஒத்தும் பொருள் விலகும் இத்தகைய சொற்களில் மொழிபெயர்ப்பாளரும் இடறுவதுண்டு.

எனினும், அதே வகுப்பில் அமர்ந்திருக்கும் தக்கினி பேசும் குழந்தைக்கு இப்பகர ஹகர ஒப்பீடு பயன்படாது. அக்குழந்தையை உள்ளடக்கத் தொடரமைப்புக்குச் செல்லவேண்டும். 'அவன் வருவான் என்று அம்மா சொன்னாள்' என்னும் தொடரில் 'என்று' கூற்றுக்குப் பின் வருகிறது. கன்னட 'எந்து'வும் அவ்விடத்திலேயே நிற்கிறது. தக்கினியின் 'போல்கே'யும் சொல்லுதற்பொருள் வினையிலிருந்து பிறந்து கூற்றை அடுத்தே வருவது. திராவிட மொழிகளோடு நெடுங்காலம் பழகியதால் இந்தோ ஆரிய மொழி ஒன்று பெற்ற இயல்பு இது. ஆங்கிலத்தில் மட்டும் இணைப்புச்சொல் கூற்றுக்கு முன் நிற்கிறது. இதனைக் கற்பிக்க ஆசிரியர் மூன்று மொழிகளிலும் புலமை பெற்றிருக்க வேண்டுவதில்லை. 'உங்கள் வீட்டில் இதனை எவ்வாறு சொல்வீர்கள்?' என ஒவ்வொருவரையும் கேட்டு, விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் போதும். ஆங்கிலத் தொடர் இறுதியில் எழுதப்படுதல் வேண்டும்.